ஒரு இயங்குதளத்தை வேறு ப்ராசஸருக்கு மாற்றுவது எப்படி? எக்ஸ்வி6-ஐ ரிஸ்க்-ஃபைவ் போர்டில் ஏற்றிய அனுபவத்திலிருந்து

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. இந்த மூன்றோடும் பதினொரு வாரம் மல்லுக்கட்டினேன். க்யூஎமு என்கிற மென்பொருள் கணினியில் அழகாக ஓடிய எக்ஸ்வி6 இயங்குதளம், உண்மையான சில்லில் பாதி வழியில் பேச்சு மூச்சில்லாமல் ஒன்பது இரவு கிடந்தது. காரணம் இரண்டே இரண்டு பிட். அதைச் சொல்லும் பக்கம் முதல் நாளே என் கணினியில் இருந்தது, நான்தான் திறக்கவில்லை.

காரைக்குடி பக்கம் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் இதையே செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் அந்த ஒன்பது இரவு போகக்கூடாது என்று எழுதுகிறேன். சி மொழியும் லினக்ஸ் முனையமும் தெரிந்திருந்தால் போதும், தொடங்கலாம். முகவரி எண்களை எல்லாம் ஹெக்ஸில் தருகிறேன்.

1. அகலக்கால் வைக்காதீர்கள்: எதை, எதற்கு மாற்றுவது?

லினக்ஸிலிருந்து தொடங்காதீர்கள். லினக்ஸ் ஏற்கெனவே ஒரு ப்ராசஸரில் ஓடுகிறது என்றால், புதிய போர்டுக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் (போர்டில் எந்தச் சாதனம் எங்கே என்று சொல்லும் பட்டியல்) டிரைவர்களையும் சரிசெய்கிற வேலைதான். அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணில் படாது. எக்ஸ்வி6 எம்ஐடி பல்கலைக்கழகம் பாடம் நடத்துவதற்காக எழுதியது. கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பத்தாயிரம் வரிக்கும் குறைவு, ஒரு வாரத்தில் முழுவதையும் வாசித்துவிடலாம். பூட், பக்க அட்டவணை (நிரல் கேட்கும் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றுவது), இன்டரப்ட் (சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் அழைப்பு), கோப்பு முறைமை எல்லாமே உண்டு. இப்போதைய பதிப்பு க்யூஎமுவின் ‘விர்ட்’ என்ற கற்பனை ரிஸ்க்-ஃபைவ் கணினிக்காக எழுதப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் என்பது ப்ராசஸர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் ஒரு தொகுப்பு.

நான் தேர்ந்தெடுத்தது ஸ்டார்ஃபைவ் நிறுவனத்தின் விஷன்ஃபைவ் 2. அதில் ஜேஎச்7110 என்ற சில்லு, அதற்குள் சைஃபைவின் நான்கு யு74 கோர்கள். விர்ட்டும் ரிஸ்க்-ஃபைவ், இதுவும் ரிஸ்க்-ஃபைவ். அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டளைகள் ஒன்றாக இருந்தாலும், நினைவகம் தொடங்கும் இடம், சாதனங்களின் முகவரி, கோர்களின் எண்ணிக்கை, ஃபர்ம்வேர் (போர்டில் முதலில் ஓடும் நிரல்) எதைச் செய்துவிட்டு எதை நம்மிடம் விடுகிறது என்பதெல்லாம் வேறு. முதல் முறைக்கு இந்த வித்தியாசங்களே போதும். ஆர்ம் 64 என்ற இன்னொரு ப்ராசஸர் வகைக்கு அப்புறம் போகலாம், அதற்கும் கடைசியில் சில குறிப்புகள் இருக்கின்றன.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

காசு செலவில்லாத படி இது. நான் பாதி செய்துவிட்டுத் தாண்டிப்போனதும் இதைத்தான்.

ரிஸ்க்-ஃபைவ் ‘ப்ரிவிலெஜ்டு’ விவரக்குறிப்பு வேண்டும். எம் (ஃபர்ம்வேருக்கு), எஸ் (கர்னலுக்கு), யு (பயனர் நிரலுக்கு) என்ற மூன்று அதிகார நிலைகள், பக்க அட்டவணை, டிராப் (பிழையோ இன்டரப்டோ வந்ததும் அதைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவுவது) எல்லாம் அதில். எஸ்பிஐ விவரக்குறிப்பு வேண்டும். கர்னல் ஃபர்ம்வேரிடம் உதவி கேட்கும் முறை அதில். யு74 கோர் கையேடும் ஜேஎச்7110 தொழில்நுட்பக் கையேடும் வேண்டும். போர்டின் சர்க்யூட் வரைபடம் வேண்டும். கடைசியாக, லினக்ஸ் மூலநிரலில் இந்தச் சில்லுக்கான டிவைஸ் ட்ரீ கோப்பு. அதை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். முகவரி, இன்டரப்ட் எண், கடிகார வேகம் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது அதில்தான். கையேட்டில் நூறு பக்கம் புரட்டித் தேடுவது அங்கே ஒரு வரியில் கிடைக்கும்.

கையேட்டை முழுக்கப் படிக்க முடியாது. ஆனால் நினைவக மேலாண்மை பற்றிய அத்தியாயத்தை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள். கோர் கையேட்டிலும் விவரக்குறிப்பிலும், இரண்டிலும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்வி6 எம்ஐடி உரிமத்தில் வருகிறது: பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். லினக்ஸிலிருந்து டிரைவர் நிரலை வெட்டி எடுத்து இதில் ஒட்டினால் கதை மாறும். அது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. வெளியிடும்போது உங்கள் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டிவரும். படித்துப் புரிந்துகொண்டு நீங்களே எழுதுங்கள்.

3. செலவும் பார்சலும்

க்யூஎமு வேலைக்குச் செலவே இல்லை. 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி, உபுண்டுவோ டெபியனோ, அதில் ரிஸ்க்-ஃபைவ் 64 பிட்டுக்கான ஜிசிசி கிராஸ் கம்பைலர் (வேறு ப்ராசஸருக்கான நிரலை இங்கே கட்டித்தருவது), க்யூஎமு, பிழை தேட ஜிடிபி. எல்லாம் களஞ்சியத்திலேயே கிடைக்கும். எக்ஸ்வி6-ஐ முழுதாகக் கட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

போர்டுக்கு எனக்கு வரி, அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்து ₹9,000 ஆனது. இது 4 ஜிபி மாடல். எக்ஸ்வி6-க்கு அதில் முப்பதில் ஒரு பங்கு நினைவகம் போதும் என்பதால் விலை குறைந்த மாடலே தாராளம். சீரியல் கேபிளுக்கு ₹250, 32 ஜிபி மெமரி கார்டுக்கு ₹400. 5 வோல்ட், 3 ஆம்பியர் தருகிற சி-டைப் சார்ஜர் வீட்டிலேயே இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர்கள் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பான் நகல், விலைப்பட்டியல், பணம் செலுத்திய ரசீது மூன்றையும் முன்கூட்டியே ஒரே கோப்பாக வைத்திருங்கள். ஆர்டரில் கொடுக்கும் பெயர் அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி: ஆதாரில் இனிஷியல் ஓரெழுத்தாக இருக்கும், பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். என் பார்சல் இந்த ஒரு காரணத்துக்காக ஆறு நாள் சும்மா கிடந்தது. மொத்தம் மூன்று வாரம் ஆனது. அதனால் முதலில் ஆர்டர் போடுங்கள், வந்து சேர்வதற்குள் க்யூஎமு வேலையை முடியுங்கள்.

சில்லறைச் சாமான்களுக்கு நான் சென்னைக்குப் போகவில்லை. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்த நண்பரிடம் சொல்லி ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொன்னேன். எதை வாங்கச் சொன்னாலும் இரண்டாக வாங்கச் சொல்லுங்கள். ஒரு கேபிள் செத்துப்போனால் காரைக்குடியில் அடுத்த கேபிளுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

4. சீரியல் இணைப்பு: போர்டைப் பொசுக்கிவிடாதீர்கள்

திரை, விசைப்பலகை எதுவும் வேலை செய்யாத காலத்தில் உங்களுக்கும் சில்லுக்கும் இடையே இருக்கும் ஒரே பேச்சுவழி இந்த மூன்று கம்பிதான். 40 முள் வரிசையில் 6-வது முள் கிரவுண்டு, 8 டிஎக்ஸ் (அனுப்புவது), 10 ஆர்எக்ஸ் (வாங்குவது). கேபிளின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கும், கேபிளின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கும் குறுக்காகப் போக வேண்டும். கேபிளில் வரும் சிவப்புக் கம்பியை எதிலும் செருக வேண்டாம். போர்டுக்கு மின்சாரம் சார்ஜர் வழியாகத்தான் வர வேண்டும்.

இந்த முள்களுக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும். என் கேபிளின் உறையில் 3.3 என்றுதான் அச்சிட்டிருந்தது. சந்தேகத்துக்குக் காரைக்குடியில் டிவி, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது எத்தனை வோல்ட்டுல பேசணும்?”

“மூணு புள்ளி மூணு அண்ணே. மேலேயே போட்டிருக்கு.”

“போட்டிருக்கறது இருக்கட்டும்ப்பா, மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துச் சிவப்பு முனையால் டிஎக்ஸைத் தொட்டார். 4.9 என்று காட்டியது. கேபிளுக்குள் இருந்த சின்ன ஜம்பர் 5 வோல்ட் பக்கம் மாட்டியிருந்தது. முள்வாங்கியால் அதைப் பிடுங்கி மறுபக்கம் போட்டார், மீட்டர் 3.3 என்றது. காசு வாங்கவில்லை. அவர் அன்று கடையைச் சாத்தியிருந்தால் ₹9,000 போயிருக்கும். கேபிளை அளக்காமல் போர்டில் செருகாதீர்கள்.

வேகம் 115200. சீரியல் முனையத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால் ஓப்பன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர், கர்னலை ஏற்றிவிடும் யு-பூட் இரண்டும் வரிசையாகப் பேசும். எதுவும் வரவில்லை என்றால் முதலில் போர்டின் ஓரத்தில் இருக்கும் இரண்டு பூட் சுவிட்சுகளின் நிலையைப் பாருங்கள். அடுத்து டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இடம் மாறியதா என்று பாருங்கள்.

5. முதல் எழுத்து

க்யூஎமுவில் எக்ஸ்வி6 மிக உயர்ந்த எம் நிலையில் தொடங்கி, தேவையானதை அமைத்துவிட்டுத் தானே எஸ் நிலைக்கு இறங்குகிறது. போர்டில் எம் நிலை ஓப்பன்எஸ்பிஐயின் வசம். யு-பூட் உங்கள் கர்னலை எஸ் நிலையில்தான் விடும். ஆகவே ‘ஸ்டார்ட்’ கோப்பில் உள்ளது கிட்டத்தட்ட முழுதும் போக வேண்டும். அதில் ஒரு எம் நிலைப் பதிவேட்டை (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) தொட்டாலும் ‘சட்டவிரோதக் கட்டளை’ என்று அங்கேயே நின்றுவிடும். கோர் எண்ணைப் படிக்கும் பதிவேடும் அந்த வகைதான். அந்த எண் ஏ0 பதிவேட்டில் உங்கள் கைக்கே வந்து சேரும், ஏ1-இல் டிவைஸ் ட்ரீயின் முகவரி வரும்.

இங்கே ஒரு பொறி. யு-பூட்டில் ‘கோ’ என்ற கட்டளையால் கர்னலைத் தாவவிட்டால் ஏ0-வில் கோர் எண் வராது, கட்டளையின் சொற்கள் எத்தனை என்ற எண்ணிக்கை வரும். ‘பூட்ஐ’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதற்குக் கர்னலின் தலையில் லினக்ஸ் வடிவத்தில் 64 பைட் தலைப்பு வேண்டும். எழுத அரை மணி நேரம்தான்.

விர்ட்டில் நினைவகம் 8000 0000-இல் தொடங்கும். இந்தப் போர்டில் 4000 0000. முதல் 2 எம்பியில் ஓப்பன்எஸ்பிஐ குடியிருக்கிறது, அதைத் தொடாதீர்கள். கர்னலை 4020 0000-இல் வையுங்கள். இந்த எண்ணை லிங்கர் கோப்பிலும் நினைவக வரைபடக் கோப்பிலும், இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது.

இப்போது அடுக்கு மாளிகை எதையும் கட்டாமல், அசெம்பிளியில் நான்கு வரி எழுதி எஸ்பிஐ வழியாக ‘ஏ’ என்ற ஓர் எழுத்தை அச்சிடுங்கள். யுஏஆர்டி (சீரியல் வழியைக் கவனிக்கும் சாதனம்) டிரைவரை இந்த இடத்தில் நம்பாதீர்கள். எனக்கு அந்த எழுத்து இரவு பதினொன்றரைக்கு வந்தது. கறுப்புத் திரையில் யு-பூட்டின் வரிகளுக்குக் கீழே ஒற்றை எழுத்து, அதை ஒட்டிக் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அப்பத்தாவை எழுப்பிக் காட்டலாமா என்று தோன்றியது.

கர்னலைப் போர்டுக்குள் அனுப்பும் வழியையும் இன்றே முடிவுசெய்துவிடுங்கள். சீரியல் வழியாக அனுப்பினால் நொடிக்கு 11 கேபிதான் போகும். கோப்பு முறைமையோடு சேர்ந்த கர்னலுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். ஒரு நாளில் நாற்பது முறை மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள். நெட்வொர்க் கேபிளை மடிக்கணினியில் நேரே செருகி டிஎஃப்டிபி சர்வர் (நெட்வொர்க்கில் கோப்பை அனுப்பும் எளிய வழி) வைத்தால் ஒன்றிரண்டு நொடி. எங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு வைஃபை அடுத்த கட்டைத் தாண்டாது. கேபிள்தான் எனக்குக் கைகொடுத்தது.

6. யுஏஆர்டி டிரைவர்

முகவரி இரண்டிலும் 1000 0000-தான். அதை நம்பி ஏமாந்தேன். விர்ட்டில் பதிவேடுகள் ஒவ்வொரு பைட்டாக அடுத்தடுத்து இருக்கும். ஜேஎச்7110-இல் நான்கு பைட் இடைவெளியில், 32 பிட்டாகப் படித்து எழுத வேண்டும்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. எக்ஸ்வி6 தொடக்கத்தில் வேக வகு எண்ணாக 3 என்று எழுதுகிறது. க்யூஎமு அதைக் கண்டுகொள்வதே இல்லை. போர்டில் யுஏஆர்டியின் கடிகாரம் 24 மெகாஹெர்ட்ஸ்; 16-ஆல் வகுத்து 3-ஆல் வகுத்தால் வேகம் 5,00,000 ஆகிவிடும். உங்கள் முனையம் 115200-இல் காத்திருக்கும், திரை முழுக்கக் குப்பை எழுத்து வரும். சரியான வகு எண் 13. யு-பூட் அதை ஏற்கெனவே அமைத்துவிட்டதால் அந்த வரிகளை அப்படியே நீக்கிவிடுவது இன்னும் நல்லது. குப்பை எழுத்து வந்தால் பயப்படாதீர்கள், கம்பி சரி, கர்னலும் ஓடுகிறது, வேகம் மட்டும்தான் தவறு.

7. பக்க அட்டவணை: அந்த இரண்டு பிட்

ஒன்பது இரவு போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்வி6 பயன்படுத்துவது எஸ்வி39 முறை: 39 பிட் முகவரி, மூன்று அடுக்கு அட்டவணை. அட்டவணையைத் தயார் செய்து, அது இருக்கும் இடத்தை எஸ்ஏடிபி பதிவேட்டில் எழுதிய நொடியிலிருந்து ஒவ்வொரு முகவரியும் அதன் வழியாகத்தான் போகும். எழுதுவதற்கு முன் ‘பி’ என்றும் பின் ‘க்யூ’ என்றும் அச்சிட வைத்திருந்தேன். ‘பி’ வந்தது. ‘க்யூ’ வரவேயில்லை. பிழைச் செய்தியும் இல்லை, மறுதொடக்கமும் இல்லை. க்யூஎமுவில் அதே நிரல் இரண்டையும் காட்டியது.

அட்டவணையைக் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். முகவரிகளை மாற்றினேன். கம்பைலரை மாற்றினேன். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போனது. கணினி பேட்டரியில் இருந்தது, போர்டு அணைந்துவிட்டது. வேறு வேலை இல்லாமல் வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு யு74 கையேட்டைத் திறந்தேன். பக்க அட்டவணைப் பதிவில் ஏ, டி என்று இரண்டு பிட். ஏ என்றால் ‘இந்தப் பக்கம் தொடப்பட்டது’, டி என்றால் ‘இதில் எழுதப்பட்டது’. விவரக்குறிப்பு இரண்டு வழியை அனுமதிக்கிறது: ப்ராசஸரே அந்தப் பிட்களைப் போட்டுக்கொள்ளலாம், அல்லது பிட் இல்லாவிட்டால் பக்கப் பிழை எழுப்பி மென்பொருளிடம் விட்டுவிடலாம். க்யூஎமு வழக்கமாக முதல் வகை. யு74 இரண்டாம் வகை.

எக்ஸ்வி6 இந்த இரண்டு பிட்டையும் போடுவதில்லை. எஸ்ஏடிபி எழுதியதும் அடுத்த கட்டளையை எடுக்கப் போன ப்ராசஸர், ஏ பிட் இல்லை என்று பிழை எழுப்பியது. பிழையைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவியது. அந்த நிரல் இருந்த பக்கத்திலும் ஏ பிட் இல்லை. மறுபடி பிழை, மறுபடி தாவல், முடிவே இல்லாமல். சத்தமே வராததற்குக் காரணம் அதுதான்.

தீர்வு ஒரே வரி: பக்கத்தை இணைக்கும் செயல்கூற்றில், பதிவோடு 6-வது, 7-வது பிட்களையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் கடைசி அடுக்கின் பதிவில் மட்டும். நடு அடுக்குப் பதிவுகளில் இந்தப் பிட்கள் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். அங்கேயும் போட்டால் வேறு தொல்லை.

புதிய க்யூஎமு பதிப்புகளில் ‘ஸ்வேட்’ என்ற நீட்டிப்பை இயக்கி ‘ஸ்வாடு’ என்பதை அணைத்துவிட்டால், அதுவும் யு74 போலவே கறாராக நடந்துகொள்ளும். போர்டு வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இதே வகையில் இன்னொன்று, ‘ஃபென்ஸ்.ஐ’ கட்டளை. புதிய நிரலை நினைவகத்தில் எழுதியபின், கட்டளைகளுக்கான கேஷ் (ப்ராசஸரின் வேக நினைவகம்) பழையதையே வைத்திருக்கலாம்; அதைக் கழிக்கச் சொல்வது இந்தக் கட்டளை. க்யூஎமுவில் இது தெரியவே தெரியாது. போர்டில் ஷெல் சில சமயம் வரும், சில சமயம் விநோதமாக விழும். அந்தக் கட்டளை ஓடுகிற கோரை மட்டுமே பாதிக்கும் என்பதால், பயனர் நிரலுக்குத் திரும்பும் வழியிலேயே அதைப் போட்டேன். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் சரியாக இருக்கும். வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

8. டைமரும் இன்டரப்டும்

எக்ஸ்வி6-இன் அண்மைப் பதிப்பு டைமருக்கு ‘எஸ்எஸ்டிசி’ என்ற நீட்டிப்பை (எஸ் நிலையிலிருந்தே டைமரை அமைக்கும் வசதி) நம்புகிறது. யு74-இல் அது இல்லை. எஸ்பிஐயின் டைமர் அழைப்புக்கு மாற்றுங்கள். கடிகாரமும் வேறு: விர்ட்டில் நொடிக்கு 1 கோடி துடிப்பு, போர்டில் 40 லட்சம். எண்ணை மாற்றாவிட்டால் பத்தில் ஒரு நொடிக்கு வர வேண்டிய இன்டரப்ட் கால் நொடிக்கு ஒருமுறை வரும், எல்லாம் சோம்பலாகத் தெரியும்.

வெளிச் சாதனங்களின் இன்டரப்ட்களைப் பிரித்துக்கொடுக்கும் பிஎல்ஐசி இரண்டிலும் 0C00 0000-இல்தான் இருக்கிறது. யுஏஆர்டியின் எண் மட்டும் 10-இலிருந்து 32 ஆகிறது. ஆனால் விசையைத் தட்டினால் எழுத்து வரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனது. ஜேஎச்7110-இல் யு74 நான்கு போக, பூஜ்யம் என்ற எண்ணோடு எஸ்7 என்ற சிறு கோர் ஒன்று இருக்கிறது. அதற்கு எஸ் நிலையே கிடையாது. அதனால் பிஎல்ஐசியில் அதற்கு ஒரே ஓர் இடம், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. விர்ட்டில் எஸ் நிலைக்கான வரிசை எண், கோர் எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது. இங்கே இரண்டால் பெருக்கினாலே போதும். டிவைஸ் ட்ரீயில் பிஎல்ஐசி பகுதியை எண்ணிப் பார்த்தால் புரியும்.

9. மற்ற கோர்களை எழுப்புவது

எக்ஸ்வி6-இல் பூஜ்யம் எண்ணுள்ள கோர் எல்லாவற்றையும் அமைக்கும், மற்றவை அது சொல்லும்வரை காத்திருக்கும். இங்கே உங்களுக்குக் கிடைப்பது 1 முதல் 4 வரை, அதிலும் எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது. பூஜ்யத்துக்காகக் காத்திருந்தால் எல்லாரும் காத்துக்கொண்டே இருப்பார்கள். ‘முதலில் வந்தவர் அமைப்பார்’ என்று மாற்றுங்கள். மற்றவற்றை எஸ்பிஐயின் ஹார்ட் (கோருக்கு ரிஸ்க்-ஃபைவ் வைத்த பெயர்) மேலாண்மை அழைப்பால் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். ஒரு கோரில் எல்லாம் ஓடும்வரை இந்தப் படிக்கே வராதீர்கள். நான்கு கோர் சேர்ந்து போடும் பிழையைத் தனியாளாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம்.

10. வட்டு

க்யூஎமு தரும் விர்ட்டியோ என்ற கற்பனை வட்டு போர்டில் கிடையாது. மெமரி கார்டு டிரைவர் எழுதுவது தனியாக ஒரு மாத வேலை. சுமார் 2 எம்பி அளவுள்ள கோப்பு முறைமைப் படத்தைக் கர்னலோடு சேர்த்தே லிங்க் செய்து, நினைவகத்தையே வட்டாகக் காட்டுங்கள். இருபது வரி போதும். எழுதியது கரண்ட் போனால் போய்விடும், இப்போதைக்குப் பரவாயில்லை.

11. ஆர்ம் 64-க்குப் போகிறவர்களுக்கு

க்யூஎமுவின் ஆர்ம் விர்ட்டில் நினைவகம் 4000 0000-இல், யுஏஆர்டி 0900 0000-இல். அது பிஎல்011 வகை, இதுவரை பார்த்த 16550 வகை யுஏஆர்டியின் டிரைவர் உதவாது. எஸ் நிலைக்குப் பதில் இஎல்1. ஏ பிட்டின் அண்ணன் இங்கேயும் உண்டு: அக்சஸ் ஃப்ளாக் போடாத பக்கத்தைத் தொட்டால் பிழைதான். நினைவக மேலாண்மையை இயக்குவதற்கு முன் ஸ்பின் லாக் (ஒரு கோர் முடிக்கும்வரை மற்றதைக் காக்கவைக்கும் பூட்டு) போடாதீர்கள். அந்த நிலையில் பூட்டுக்கு வேண்டிய எக்ஸ்க்ளூசிவ் கட்டளைகள் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை.

இன்டெல் வகையில் எழுதிய நிரலை எடுத்து வருகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அங்கே ‘சார்’ வகை எதிர்ம எண்ணை ஏற்கும், லினக்ஸ் கம்பைலர்களில் ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் ஏற்காது. மைனஸ் ஒன்றோடு ஒப்பிடும் வரி எல்லாம் அமைதியாகத் தவறும். இரண்டாவது, நினைவகத்தில் எழுதும் வரிசை. இன்டெலில் நீங்கள் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும், இவற்றில் தெரியும் என்று நம்ப முடியாது. வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளை விட்டுப்போன இடங்கள் எல்லாம் வாரத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டும்.

12. எவ்வளவு நாள் ஆகும்?

மாலை நேரம் மட்டும் உட்கார்ந்த எனக்கு வாசிப்பும் க்யூஎமுவும் மூன்று வாரம், சீரியலும் முதல் எழுத்தும் நான்கு நாள், பக்க அட்டவணை இரண்டு வாரம், இன்டரப்ட் இரண்டு வாரம், கோர்கள் ஒரு வாரம், வட்டும் சோதனையும் இரண்டு வாரம். இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால் ஐந்தாறு வாரத்தில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். கல்லூரிப் ப்ராஜெக்டாக எடுத்தால் போர்டு கையில் வந்த தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள், ஆர்டர் போட்ட தேதியிலிருந்து எண்ணாதீர்கள்.

ஒவ்வொரு படி முடிந்ததும் கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஒரு குறியீடு போட்டு வையுங்கள். ‘நேற்று ஓடியது’ என்று சொல்லும்போது எந்த நேற்று என்று தெரிய வேண்டும்.

ஷெல் வந்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ்வி6-லேயே ‘யூசர்டெஸ்ட்ஸ்’ என்றொரு சோதனை நிரல் இருக்கிறது. முதலில் ஒரு கோரில், அடுத்து நான்கு கோரிலும், அதைச் சுழற்சியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். சார்ஜரை இன்வர்ட்டர் இணைப்பில் செருகுங்கள், சீரியல் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமிக்கச் சொல்லுங்கள். எனக்கு ஃபென்ஸ்.ஐ பிழை அகப்பட்டது அப்படி ஓடிய மூன்றாம் இரவு, விடியற்காலை நாலு மணி வரியில்.